வீட்டுத் தக்காளியும் விஞ்ஞானி ஜானகி அம்மாளும்

ராஜபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோவிலுக்குப் போகும் வழியில், மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிந்து காடு தொடங்கும். அந்த வழியின் வரப்பையும் வேலியோரத்தையும் அடுத்த முறை கொஞ்சம் நின்று பாருங்கள். தரையோடு படர்ந்த முள் கண்டங்கத்திரி, வேலியில் ஏறிய தூதுவளை, ஆள் உயரத்துக்கு வளரும் சுண்டை, ஈரமான இடத்தில் மணத்தக்காளி என்று நம் பக்கம் எங்கும் காணும் செடிகள் கண்ணில் படும். இந்த நான்கும் உங்கள் கொல்லைப்புறத் தக்காளிக்குச் சொந்தக்காரச் செடிகள். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவையும் இதே குடும்பம்தான்.

ஒரு செடியின் சொந்தபந்தம் எது, பிறந்த ஊர் எது என்று தெரிந்துகொண்டால், அதை வளர்க்கும் விதம் பாதி தெரிந்துவிடும். எந்த உரம், எந்த மருந்து என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். செடிகளின் சொந்தபந்தத்தைக் கண்டறிவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒரு பெண் விஞ்ஞானி நம் தமிழ்நாட்டில் வேலை செய்தார், இங்கேயே மறைந்தார். அவர் பெயர் இ.கே. ஜானகி அம்மாள். வீட்டில் தக்காளி வளர்க்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் அவருடைய வாழ்க்கையில் பாடம் இருக்கிறது. அதனால் இந்த வாரம் அவர் கதையையும் தக்காளி வளர்ப்பையும் சேர்த்தே பார்ப்போம்.

தோட்டத்தில் தொடங்கிய படிப்பு

ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று தலைச்சேரியில் பிறந்தார். இன்று அது கேரளம். அன்று மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தந்தை கிருஷ்ணன் துணை நீதிபதி. வேலை நீதிமன்றத்தில் என்றாலும் அவருக்குச் செடிகளிலும் பறவைகளிலும் தீராத ஆர்வம். வீட்டைச் சுற்றித் தோட்டம் வைத்திருந்தார். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். அந்தத் தோட்டத்தில்தான் ஜானகி செடிகளைப் பார்க்கப் பழகினார்.

அவருடைய சகோதரிகளுக்கு ஒவ்வொருவராகத் திருமணம் நடந்தது. ஜானகி படிப்பைத் தேர்ந்தெடுத்தார். சென்னை ராணி மேரி கல்லூரியில் பட்டம் பெற்று, மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் படிப்பை 1921-ல் முடித்தார். பிறகு சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். நூறு ஆண்டுகளுக்கு முன், பிற்படுத்தப்பட்ட தீயர் சமூகத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இது எளிதில் கிடைக்கும் வாய்ப்பு அல்ல. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசியப் பெண்களுக்காக வழங்கிய பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. கடல் கடந்து போய் 1925-ல் முதுநிலைப் பட்டம் பெற்றார். ஊர் திரும்பிச் சில காலம் பாடம் நடத்தினார். மீண்டும் மிச்சிகன் சென்று 1931-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

பெரு நாட்டுச் செடியும் தக்காளியின் தாய்வீடும்

முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட செடி எது தெரியுமா? நிக்காண்ட்ரா என்ற செடி. நம் ஊர் சொடக்குத் தக்காளியைப் போல, காகிதம் போன்ற உறைக்குள் காய் பிடிக்கும். பூ வெளிர் நீல நிறம். அதுவும் கத்தரிக் குடும்பம்தான். பிறந்த இடம் தென் அமெரிக்காவின் பெரு நாடு. அந்தச் செடியின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் வைத்து, உள்ளே இருக்கும் நூல் போன்ற குரோமோசோம்களை எண்ணி, அவை எப்படிப் பிரிகின்றன, எப்படிச் சேர்கின்றன என்று ஆராய்ந்தார். தாயின் குணமும் தகப்பனின் குணமும் பிள்ளைக்குப் போவது இந்த நூல்களின் வழியாகத்தான். செடியிலும் அப்படித்தான்.

தக்காளியின் மூதாதைகளும் அதே பகுதியைச் சேர்ந்தவைதான். பெரு, ஈக்வடார், சிலி நாடுகளில் ஆண்டிஸ் மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வறண்ட சரிவுகளில் காட்டுத் தக்காளி இனங்கள் இன்றும் வளர்கின்றன. பழம் பட்டாணி அளவு, பெரிதானால் கோலி அளவு. அங்கிருந்து வடக்கே மெக்சிகோவுக்குப் போய், அங்குள்ள பழங்குடி உழவர்களின் கையில்தான் பெரிய பழம் தரும் பயிராக மாறியது. அவர்கள் மொழியில் இதற்குப் பெயர் தொமாட்டல். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். நஞ்சுச் செடிகளின் குடும்பம் என்று பயந்து, அங்கே பலர் வெகுகாலம் அதை அழகுக்கு மட்டுமே வளர்த்தார்கள். போர்ச்சுக்கீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது.

தமிழில் தக்காளி என்ற பெயர் முதலில் நம் மணத்தக்காளி வகைச் செடிகளுக்கு உரியது. கடல் கடந்து வந்த புதுப்பழத்தை நம்மவர்கள் சீமைத்தக்காளி என்றார்கள். பார்த்தவுடனேயே இரண்டும் ஒரே குடும்பம் என்று கண்டுகொண்டார்கள் என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

தாய்வீடு தெரிந்தால் வளர்ப்பு முறை தெரியும்

தக்காளி வறண்ட மலைச்சரிவில் பிறந்தது. அங்கே வெயில் உண்டு, ஆனால் சித்திரைக் கத்திரி வெயில் இல்லை. மண்ணில் ஈரம் குறைவு, தண்ணீர் தேங்குவதே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழ்க்காணும் ஒவ்வொன்றுக்கும் காரணம் புரியும்.

இடம்: நாளொன்றுக்குக் குறைந்தது 6 மணி நேரம் வெயில் விழும் இடம் வேண்டும். மரநிழலில் வைத்தால் செடி நீளும், காய் பிடிக்காது.

பருவம்: பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதும், இரவும் புழுக்கமாக இருக்கும்போதும் பூக்கள் கொட்டிவிடும். நம் பகுதிக்கு ஆனி, ஆடியில் ஒரு விதைப்பும், வடகிழக்குப் பருவமழையின் வேகம் தணியும் கார்த்திகை, மார்கழியில் ஒரு விதைப்பும் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றவை. மார்கழி விதைப்பு காய்க்கும்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். அப்போது மதிய வெயிலுக்கு மட்டும் நிழல்வலை கட்டினால் காய்ப்பு நீடிக்கும்.

மண்: செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு கலந்துகொள்ளுங்கள். ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குச் சேருங்கள். கரிசல் மண்ணை மட்டும் தொட்டியில் போட்டால் நீர் இறங்காது. தொட்டியோ செடிப்பையோ ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்துக்குக் குறையக் கூடாது. அடியில் துளைகள் கட்டாயம். ஒரு தொட்டிக்கு ஒரு செடி போதும்.

தண்ணீர்: மேல்மண் காய்ந்த பிறகு, வேரில் மட்டும் ஊற்றுங்கள். இலை நனைய ஊற்றினால் இலைப்புள்ளி நோய்க்கு இடம் கொடுத்தது போல. நாலு நாள் காயவிட்டு ஒரே நாளில் குடம் குடமாக ஊற்றினால் பழம் வெடிக்கும். நீர் சீராகக் கிடைக்காதபோது செடியால் சுண்ணாம்புச் சத்தை எடுக்க முடியாது. அப்போது காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும். பலர் இதை நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். தண்ணீரைச் சீராக்கினாலே சரியாகும். தென்னை மட்டை, கரும்புச் சோகை, காய்ந்த இலை எதுவானாலும் இரண்டு அங்குலம் மூடாக்குப் போடுங்கள்.

கோவையில் கத்தரியும் கரும்பும்

மிச்சிகனிலிருந்து திரும்பிய ஜானகி அம்மாள் 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரத்தில் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். கத்தரியில் குரோமோசோம் தொகுதிகள் கூடுதலாக அமைந்த செடிகளைப் பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரை 1934-ல் வந்தது. சாதாரணக் கத்தரியில் குரோமோசோம்கள் 24, அதாவது இரண்டு தொகுதி. தொகுதி மூன்றாகவோ நான்காகவோ ஆனால் செடியின் குணமும் காய்ப்பும் மாறிவிடும். உங்களுக்கு இது புதிதல்ல. நீங்கள் பயிரிடும் வாழை ரகங்களில் பலவும் மூன்று தொகுதி கொண்டவை. வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1934-ல் அவர் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியல் வல்லுநராகச் சேர்ந்தார். அந்த நிலையம் அதற்கு முன்பே ஒரு பெரிய வேலையைச் செய்திருந்தது. பருத்த, இனிப்பான கரும்பு நம் நாட்டு வடபகுதிக் குளிரையும் நோயையும் தாங்கவில்லை. ஆற்றோரத்தில் யாரும் சீந்தாமல் கிடந்த நாணலோடு அதைச் சேர்த்து 'கோ 205' என்ற ரகத்தை பார்பரும் வெங்கட்ராமனும் உருவாக்கினார்கள். இனிப்பு கரும்பிடமிருந்து வந்தது, உறுதி நாணலிடமிருந்து வந்தது. ஜானகி அம்மாள் இந்தக் கலப்புகளின் உள்ளே நடப்பதை ஆராய்ந்தார். கரும்பை அதன் உறவுப் புற்களோடும், மக்காச்சோளத்தோடும்கூடச் சேர்த்துப் பார்த்தார். எது எதோடு ஒட்டும், எது ஒட்டாது, ஏன் என்பதுதான் அவர் கேள்வி.

1935-ல் இந்திய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனாலும் கோவை வாழ்க்கை சுகமாக இல்லை. பெண், திருமணம் செய்யாதவர், பிற்படுத்தப்பட்ட சமூகத்தவர் என்ற காரணங்களால் உடன் வேலை செய்தவர்கள் சிலரிடம் அவர் ஒதுக்கலைச் சந்தித்ததாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவர் வேலையை விடவில்லை.

அந்த நாணல் கதையின் பாடம் தக்காளிக்கும் பொருந்தும். வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம், தேனிக்கு அருகில் அன்னஞ்சி என்ற ஊர் இருக்கிறது. அங்கே உழவர்கள் வழிவழியாகப் பயிரிட்ட நாட்டுத் தக்காளியை எடுத்து, அதில் திடீர் மாற்றம் உண்டாக்கித் தேர்வு செய்ததுதான் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் 'பிகேஎம் 1' ரகம். 1978-ல் வெளியானது. பழம் சற்றுத் தட்டையான உருண்டை, காம்புப் பக்கம் பச்சை. வெப்பத்தையும் மானாவாரி நிலத்தையும் தாங்கும். அன்னஞ்சி உழவர்கள் தங்கள் விதையை விட்டுவிட்டிருந்தால் அந்த ரகம் பிறந்திருக்காது.

இலைச்சுருட்டு நோயைத் தாங்கும் வீரிய ஒட்டு ரகங்கள் இன்று கடையில் கிடைக்கின்றன அல்லவா? அந்தத் தாங்கும் குணத்தில் முக்கியமான ஒன்று சிலி நாட்டுக் காட்டுத் தக்காளியிலிருந்து வந்தது. வேர் முடிச்சு நூற்புழுவை எதிர்க்கும் குணம் பெரு நாட்டுக் காட்டு இனத்திலிருந்து வந்தது. சாப்பிட உதவாத அந்தக் காட்டுக்காய்கள்தான் இன்று உலகம் முழுவதும் தக்காளி வயலைக் காப்பாற்றுகின்றன.

நம் பக்கம் சுண்டைக்கும் அந்த வலிமை உண்டு. அதுவும் தக்காளியைப் போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் வேலியில் குடியேறியது. அதன் வேர் வாடல் நோயையும் நூற்புழுவையும் தாங்கும். அதனால்தான் சுண்டைக்காய் நாற்றின் மேல் கத்தரியை ஒட்டுக்கட்டி நடுகிறார்கள். உங்கள் நிலத்தில் கத்தரி வாடிச் சாகிறது என்றால் அப்படிப்பட்ட ஒட்டு நாற்றைக் கேட்டு வாங்குங்கள்.

சொந்தம் என்றால் நோயும் பொது. கத்தரி, மிளகாய் நின்ற மண்ணில் உடனே தக்காளி வைக்காதீர்கள். அதே பூச்சியும் அதே வாடல் நோயும் காத்துக்கொண்டிருக்கும். இடையில் ஒரு முறை கீரை, வெண்டை, அவரை என்று வேறு குடும்பப் பயிர் போடுங்கள். தொட்டி மண்ணையும் கொட்டிக் காயவைத்து, புதுத் தொழு உரம் கலந்த பிறகே மறுபடி தக்காளிக்குப் பயன்படுத்துங்கள்.

நாற்றும் நடவும்

குழித்தட்டில் மக்கிய தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். ஒரு கிலோ விதைக்கு டிரைகோடெர்மா விரிடி 4 கிராம் என்பது விதை நேர்த்திக் கணக்கு. வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை போட்டு விதையோடு புரட்டினால் போதும். நாற்றழுகல் நோய் குறையும். நாற்றுகளை மெல்லிய வலையால் மூடி வையுங்கள். இலைச்சுருட்டு நோயைப் பரப்பும் வெள்ளை ஈ இளம் நாற்றில் உட்காரக் கூடாது.

25 நாள் நாற்றை மாலை வேளையில் நடுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் கால்பகுதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக வையுங்கள். தக்காளித் தண்டு மண்ணில் பட்ட இடமெல்லாம் வேர் விடும். தரையில் நட்டால் வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர். பத்து நாளில் குச்சி ஊன்றிக் கட்டுங்கள்.

15 நாளுக்கு ஒரு முறை, ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளிக்கலாம். பூ வந்ததும் ஒரு கைப்பிடி மண்புழு உரமும் கொஞ்சம் விறகுச் சாம்பலும் வேரைச் சுற்றி இடுங்கள். தழைச்சத்தை அதிகம் கொடுத்தால் இலைதான் செழிக்கும். பூக்கும் காலத்தில் காலை 8 மணி முதல் 10 மணிக்குள் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். மகரந்தம் உதிர்ந்து காய் நன்றாகப் பிடிக்கும்.

வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் பொறி வையுங்கள். நீரில் கரையும் வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி வீதம் மாலையில் தெளியுங்கள். இலை சுருண்டு குட்டையாகிப்போன செடியைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். காய்ப்புழுவைத் திசைதிருப்ப ஓரத்தில் செண்டுமல்லி நடுங்கள். நாலைந்து செடிதான் என்றால் புழுவைக் கையாலேயே பொறுக்கிவிடலாம்.

குண்டு விழுந்த ஊரில் ஆராய்ச்சி

1939-ல் மரபியல் மாநாட்டுக்காக ஜானகி அம்மாள் எடின்பரோ போனார். அந்த நேரத்தில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. திரும்ப முடியவில்லை. 1940 முதல் 1945 வரை லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வேலை செய்தார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் பதுங்குவார். விடிந்ததும் அலமாரியில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துத் தள்ளிவிட்டு நுண்ணோக்கியின் முன் உட்காருவார். அந்த நாட்களில் டார்லிங்டன் என்ற மரபியல் அறிஞரோடு சேர்ந்து அவர் தொகுத்ததுதான் பயிர்ச்செடிகளின் குரோமோசோம் ஏடு. 1945-ல் வெளிவந்த அந்த நூல், ஆயிரக்கணக்கான செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை ஒரே இடத்தில் தந்தது. பயிர் இனப்பெருக்கம் செய்பவர்களுக்கு அது கைவிளக்காக இருந்தது.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் எண்ணிக்கை 24, உருளைக்கிழங்குக்கு 48. நெல்லுக்கும் 24தான். அதனால் எண்ணிக்கை ஒன்றானால் மட்டும் சொந்தம் ஆகிவிடாது. பூ, காய், பிறப்பிடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் உறவைச் சொல்ல வேண்டும். அவரும் அப்படித்தான் பார்த்தார். மனிதர்கள் ஊர்விட்டு ஊர் போனபோது கூடவே கொண்டுபோன செடிகள் எப்படி மாறின என்பதை அவர் தொடர்ந்து ஆராய்ந்தார்.

போர் முடிந்த பின் இங்கிலாந்தின் விஸ்லி என்ற இடத்தில் உள்ள புகழ்பெற்ற தோட்டத்தில் 1951 வரை வேலை செய்தார். கோல்ச்சிசின் என்ற மருந்தை மக்னோலியா நாற்றின் நுனியில் வைத்து, குரோமோசோமை இரட்டிப்பாக்கிப் பெரிய பூப்பூக்கும் மரங்களை உண்டாக்கினார். அவற்றில் ஒரு வகைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

எரிந்துபோன மரம்

சுதந்திர இந்தியாவின் பிரதமர் நேரு அவரைத் தாய்நாட்டுக்கு அழைத்தார். 1951-ல் திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்பட்டது. நம் நாட்டுச் செடிகளை நம் நாட்டவரே கணக்கெடுத்து, நம் நாட்டிலேயே பாதுகாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அது உணவுப் பஞ்ச காலம். எங்கும் உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கம் நடந்தது. காட்டை அழித்துப் பயிர் வைப்பதும் அதோடு சேர்ந்தே நடந்தது. ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தள்ளி, அந்த வட்டாரத்திலேயே ஒன்றே ஒன்று என்று அறியப்பட்ட ஒரு மக்னோலியா மரத்தைத் தேடி ஜானகி அம்மாள் போனார். போய்ப் பார்த்தபோது அதை எரித்துவிட்டிருந்தார்கள். பசிக்குச் சோறு வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் பயிரின் சொந்தங்கள் இருக்கும் காட்டை அழித்தால், நாளைக்குப் பயிருக்கு நோய் வரும்போது எங்கே போய் மருந்து தேடுவது என்பதுதான் அவர் கவலை.

1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றியிருக்கிறான் என்பது பற்றி உலக அறிஞர்கள் கூடிய கருத்தரங்கு நடந்தது. அதில் கட்டுரை அளித்த ஒரே பெண் ஜானகி அம்மாள். அவர் எடுத்துக்கொண்ட பொருள், இந்தியாவில் தன் தேவைக்குத் தானே விளைவித்துக்கொள்ளும் மக்களின் வாழ்முறை. குரோமோசோம் எண்ணிய விஞ்ஞானி, கடைசியில் மலைவாழ் மக்களின் தோட்டத்துக்கும் அவர்கள் அறிந்த மூலிகைகளுக்கும் வந்து சேர்ந்தார்.

அய்யனார் கோவில் காட்டுக்கும் இது பொருந்தும். அந்த மலையிலிருந்து வரும் ஆறுதான் ராஜபாளையத்தின் குடிநீருக்கு ஆதாரம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அணிலும் புலியும் மட்டுமல்ல, காட்டு மிளகு, காட்டு மா, காட்டு ஏலம் என்று நம் பயிர்களின் சொந்தங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் இருக்கின்றன. மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் வேலியோரம் முழுவதும் களைக்கொல்லி அடிக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். முட்களோடு, மஞ்சளாகப் பழுக்கும் சிறு காய் காய்க்கும் காட்டுக் கத்தரி நம் கத்தரியின் மூதாதை. பயிருக்கு நடுவில் வந்தால் பிடுங்குங்கள். வேலியோரத்தில் நாலு செடி இருந்தால் இருக்கட்டும்.

மதுரவாயலில் கடைசி நாட்கள்

பணி ஓய்வுக்குப் பிறகும் அவர் ஓய்வெடுக்கவில்லை. 1970-ல் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் சேர்ந்தார். மதுரவாயலில் உள்ள அதன் கள ஆய்வகத்தில்தான் வாசம். எளிய வாழ்க்கை, சுற்றிலும் மூலிகைச் செடிகள். 1977-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பாலக்காடு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் மின்சாரத்துக்காக அணை கட்டும் திட்டம் வந்தபோது, 80 வயதைத் தாண்டிய அவர் அதை எதிர்த்தவர்களோடு நின்றார். அணை வந்து மூழ்கினால் திரும்பக் கிடைக்காது என்பதால், அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்க முனைந்தார். 1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயலில் அவர் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை.

உங்கள் கையில் உள்ள விதை வங்கி

ஜானகி அம்மாள் நுண்ணோக்கியில் செய்ததை நம்மால் செய்ய முடியாது. ஆனால் விதையைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். வேறு சில மாதங்களில் பறிப்புக் கூலிக்கே கட்டாமல் சாலையோரம் கொட்டியதையும் பார்த்திருக்கிறோம். விளைவிப்பவர் வீட்டிலேயே சமையலுக்குத் தக்காளி விலைக்கு வாங்குவது இன்று சாதாரணமாகிவிட்டது. வீட்டுக்கு நாலைந்து செடியும் சொந்த விதையும் இருந்தால், அந்த ஏற்ற இறக்கம் உங்கள் அடுப்படியைத் தொடாது.

வீரிய ஒட்டு ரகத்திலிருந்து விதை எடுக்காதீர்கள். இரண்டு வேறு வேறு பெற்றோருக்குப் பிறந்த அந்தச் செடியின் பிள்ளைகள் ஆளுக்கொரு குணமாகப் பிரிந்துபோகும். பிகேஎம் 1 போன்ற ரகத்திலிருந்தோ, உங்கள் பகுதி நாட்டுத் தக்காளியிலிருந்தோ எடுங்கள். தக்காளிப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் குணம் மாறாது. கத்தரியில் பூச்சிகள் வழியாகக் கலப்பு அதிகம் நடக்கும். அதனால் விதைக்கான கத்தரியை மற்ற ரகங்களிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

இலைச்சுருட்டு இல்லாத, நன்றாகக் காய்த்த செடியைத் தேர்ந்தெடுத்து ஒரு துணி கட்டி அடையாளம் வையுங்கள். இரண்டாவது, மூன்றாவது கொத்துப் பழங்களைச் செடியிலேயே நன்றாகச் சிவக்க விடுங்கள். பழத்தைப் பிழிந்து, சாறோடு விதையை மண் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் ஒன்று முதல் இரண்டு நாள் நொதிக்க வையுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு போய்விடும். மிதக்கும் விதையைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை நாலு முறை அலசி, நிழலில் துணியின் மேல் உலர்த்துங்கள். நன்றாகக் காய்ந்ததும் காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி, மூடி இறுக்கமான டப்பாவில் ஈரம் படாமல் வையுங்கள். மூன்று ஆண்டுகள் வரை முளைக்கும்.

எடுத்த விதையில் பாதியை நீங்கள் வைத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்து வீட்டுக்கோ பள்ளித் தோட்டத்துக்கோ கொடுங்கள். உங்கள் செடி ஒரு மழையில் போனாலும் விதை ஊரில் இருக்கும். வயதானவர்கள் வீட்டில் பழைய நாட்டுத் தக்காளியோ கத்தரியோ இருந்தால் கேட்டு வாங்கி வையுங்கள். அது என்ன ரகம் என்று தெரியாவிட்டால், ஒரு காயோடும் கொஞ்சம் விதையோடும் அருகிலுள்ள தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.